ஆங்கிலச் சொல்லைப் பகுபதமாகப் பிரிப்போம்: கிரேக்க, இலத்தீன் வேர்களைக் கற்கும் முறை

‘நடந்தனன்’ என்னும் சொல்லை நட, த், த், அன், அன் என்று பிரித்து, முதல் ‘த்’ ‘ந்’ ஆனது விகாரம் என்று எழுதி மதிப்பெண் வாங்கிய அனுபவம் தமிழ் இலக்கணம் படித்த பலருக்கும் உண்டு. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்ற ஆறு உறுப்புகளையும் தேர்வு முடிந்த அன்றே மறந்துவிட்டதாக நாம் நினைத்தாலும், ஒரு சொல்லைக் கண்டவுடன் அது எந்த இடத்தில் பிரியும் என்று தேடும் பழக்கம் எங்கோ தங்கியிருக்கிறது. ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க விரும்புகிறவர் அந்தப் பழக்கத்தைத் தூசி தட்டி எடுத்தால் போதும். நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலச் சொற்களை இடுகுறிப் பெயர்களாகவே கற்கிறோம். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் என்று பட்டியலிட்டு மனப்பாடம் செய்து, இரண்டு மாதத்தில் பாதியை இழக்கிறோம். வேர் தெரிந்தவருக்கோ அதே சொற்கள் காரணப் பெயர்களாகத் தோன்றும்.

எல்லா ஆங்கிலச் சொற்களும் இவ்வாறு பிரியா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர், வீடு, ரொட்டி, கை, கால், வருதல், போதல் ஆகியவற்றைக் குறிக்கும் அன்றாட ஆங்கிலச் சொற்கள் ஜெர்மானிய மரபில் வந்தவை. அவற்றில் பெரும்பாலானவை பகாப்பதங்கள். கி.பி. 597இல் உரோமிலிருந்து கிறித்தவத் துறவியர் கென்ட் பகுதியில் வந்திறங்கிய பிறகு சமயம் சார்ந்த இலத்தீன் சொற்கள் பல ஆங்கிலத்தில் கலந்தன. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், இலத்தீனின் வழித்தோன்றலான பிரெஞ்சின் வாயிலாக ஆட்சி, நீதி, சமையல் முதலிய துறைகளில் ஆயிரக்கணக்கான சொற்கள் வந்தன. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் அறிஞர்கள் இலத்தீன், கிரேக்க நூல்களிலிருந்து நேரடியாகவே எடுத்துக்கொண்டார்கள். அறிவியலார் இன்றும் எடுக்கிறார்கள். ஆகவே நாளிதழ்த் தலையங்கம், சட்ட ஆவணம், மருத்துவ அறிக்கை, கல்லூரிப் பாடநூல் ஆகியவற்றில் வரும் நீண்ட சொற்களுக்கே வேர்க்கல்வி கைகொடுக்கும். ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்ளுதல் என்பதை எந்த வேரும் சொல்லித் தராது. அத்தகைய தொடர்களைப் பிறர் பேசக் கேட்டும் எழுதப் படித்தும்தான் அறிய முடியும்.

இங்கே வேர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் குறிப்பேட்டில் அவற்றை உரோமன் எழுத்தில் எழுதிக்கொள்வது கட்டாயம். ஏனெனில் ஓரெழுத்து மாறினாலும் வேறு வேராகிவிடும் இடங்கள் உண்டு. ‘ஆன்டி’ என்று நாம் ஒரே மாதிரி எழுதக்கூடிய இரண்டு முன்னொட்டுகளில், ஆங்கில ‘ஐ’ (i) எழுத்தில் முடியும் கிரேக்க முன்னொட்டு ‘எதிர்’ என்றும், ஆங்கில ‘ஈ’ (e) எழுத்தில் முடியும் இலத்தீன் முன்னொட்டு ‘முன்’ என்றும் பொருள்படும்.

தமிழ்ப் பாடநூலிலிருந்து தொடங்குங்கள்

வேர்ப் பட்டியல் ஒன்றை வாங்கி முதல் எழுத்திலிருந்து படிக்கத் தொடங்குவதுதான் பலர் செய்யும் தவறு. தமிழில் அறிவியல் படித்தவருக்கு அதைவிட நல்ல வாயில் ஒன்று திறந்தே இருக்கிறது. நம் கலைச்சொற்களில் பல, கிரேக்க, இலத்தீன் சொற்களை உறுப்பு உறுப்பாகப் பிரித்துத் தமிழில் மறுபடி கட்டியவை. எனவே தமிழ்ச்சொல்லைப் பிரித்தாலே வேர்களின் பொருள் கையில் வந்துவிடும்.

விலங்கியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். கணுக்காலி என்பது ‘ஆர்த்ரோபாட்’. ‘ஆர்த்ரோ’ மூட்டு அல்லது கணு, ‘பாட்’ கால். தலைக்காலி ‘செஃபலோபாட்’, வயிற்றுக்காலி ‘கேஸ்ட்ரோபாட்’, முட்தோலி ‘எக்கைனோடெர்ம்’, தட்டைப்புழு ‘பிளாட்டிஹெல்மின்த்’. ஐந்து பெயர்களிலிருந்து கணு, கால், தலை, வயிறு, தோல், தட்டை ஆகிய ஆறு வேர்கள் கிடைத்துவிட்டன. இனி அவற்றை விலங்கியலுக்கு வெளியே கொண்டு செல்லுங்கள். ‘ஐட்டிஸ்’ என்னும் விகுதி மருத்துவத்தில் அழற்சியைக் குறிக்கும் என்ற ஒன்றைமட்டும் சேர்த்துக்கொண்டால், ‘ஆர்த்ரைட்டிஸ்’ மூட்டழற்சி, ‘கேஸ்ட்ரைட்டிஸ்’ இரைப்பை அழற்சி, ‘டெர்மடைட்டிஸ்’ தோலழற்சி என்று தாமாகவே விளங்கும். ‘என்செஃபலைட்டிஸ்’ என்ற அச்சுறுத்தும் சொல்லும் தலைக்குள் இருப்பதன் அழற்சி, அதாவது மூளை அழற்சி என்று பணிந்துவிடும். நத்தையை நினைத்துக்கொண்டே மருத்துவ அறிக்கையைப் படிப்பது வேடிக்கையாக இருந்தாலும், அப்படிப் படித்தது மறப்பதில்லை.

இயற்பியலில் மையவிலக்கு விசையும் மையநோக்கு விசையும் இதைவிடச் சுவையானவை. ‘சென்ட்ரிஃப்யூகல்’ என்பதில் உள்ள ‘ஃப்யூக்’ இலத்தீனில் ஓடுதல், தப்புதல். அதே வேரே தப்பியோடுபவரைக் குறிக்கும் ‘ஃப்யூஜிட்டிவ்’ என்பதிலும், அடைக்கலம் தேடி ஓடிவந்த ஏதிலியரைக் குறிக்கும் ‘ரெஃப்யூஜி’ என்பதிலும் உள்ளது. ‘சென்ட்ரிபீட்டல்’ என்பதில் உள்ள ‘பெட்’ நாடுதல், வேண்டுதல். ஆட்சியரிடம் நாம் கொடுக்கும் ‘பெட்டிஷன்’, பரிசை நாடிப் பலரும் முயலும் ‘காம்பெட்டிஷன்’, உணவை நாடும் பசியாகிய ‘அப்பெட்டைட்’ மூன்றும் அதன் பிள்ளைகள்.

இருவாழ்வியின் ‘ஆம்ஃபி’ இருபுறமும் என்று பொருள்படும், ‘பயோ’ வாழ்வு. ஒளிச்சேர்க்கையின் ‘ஃபோட்டோ’ ஒளி, ‘சின்’ உடன், ‘தீசிஸ்’ வைத்தல். பங்கேற்பு என்பது ‘பார்ட்டிசிபேஷன்’ என்பதன் உறுப்புகளோடு அப்படியே பொருந்துகிறது: ‘பார்ட்டி’ பங்கு, ‘சிப்’ எடுத்தல் அல்லது ஏற்றல். கையேட்டுக்கும் கையெழுத்துப் படிக்கும் ஆங்கிலப் பெயர்கள் ‘மேனுவல்’, ‘மேனுஸ்கிரிப்ட்’. ‘மேனு’ என்றால் கை. மக்களாட்சியின் ‘டெமோ’ மக்கள், ‘கிரசி’ ஆட்சி. அதே மக்கள்தான் ‘எபிடெமிக்’, ‘பாண்டெமிக்’ என்ற சொற்களுக்குள்ளும் இருக்கிறார்கள். ‘பாண்’ அனைத்தும் எனப் பொருள்படும் என்று தெரிந்தால், ஊரை மட்டும் தாக்கும் நோய்க்கும் உலகையே தாக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாடு சொல்லிலேயே தெரியும்.

ஆகவே முதல் மாதத்தில் புதிய சொல் எதையும் கற்க வேண்டாம். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அறிவியல் பாடநூல்களின் பின்னிணைப்பில் கலைச்சொற்கள் இருக்குமானால் அவற்றை எடுத்துக்கொண்டு, தமிழ்ச்சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் அருகருகே வைத்து எது எதற்கு நேர் என்று கோடிட்டு இணையுங்கள். எல்லாம் இணையா. ‘ஆக்சிஜன்’ என்பதன் வேர்ப்பொருள் ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’; எல்லா அமிலங்களிலும் அது உண்டு என்று தவறாகக் கருதிய லாவோசியே வைத்த பெயர் அது. தமிழ் அதை உயிர்வளி என்று அழைத்து, அந்தப் பிழையிலிருந்து தப்பித்துக்கொண்டது.

புணர்ச்சி விதி ஆங்கிலத்திலும் உண்டு

வேர்களைக் கற்கத் தொடங்கியவர் சில நாள்களிலேயே சோர்ந்துபோவதற்குக் காரணம், கற்ற முன்னொட்டு சொல்லில் அதே வடிவில் காணப்படாததே. ‘இன்’ என்றால் எதிர்மறை என்று படித்தவர், ‘இம்பாசிபிள்’, ‘இல்லீகல்’, ‘இர்ரெகுலர்’ ஆகியவற்றில் அதைக் காணாமல் மூன்று புதிய முன்னொட்டுகள் என்று எண்ணிவிடுகிறார். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதை ஏற்ற நமக்கு இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் கூறும் மூன்றில் இது திரிதல். இதழ்களை ஒட்டி ஒலிக்கும் ‘பி’, ‘எம்’ ஆகியவற்றின்முன் ‘என்’ என்னும் எழுத்து ‘எம்’ ஆகத் திரிகிறது; ‘எல்’, ‘ஆர்’ ஆகியவற்றின்முன் அவையாகவே மாறிவிடுகிறது. ‘உடன்’ என்னும் பொருளுடைய ‘கான்’ என்பதும் அவ்வாறே ‘காம்பைன்’, ‘கொலாப்ஸ்’, ‘கரெக்ட்’ என்று வடிவம் மாறும். ‘வெளியே’ என்னும் பொருளுடைய ‘எக்ஸ்’, சில மெய்களின்முன் தன் இறுதியை இழந்து ‘எமிட்’, ‘இஜெக்ட்’ என்று நிற்பது கெடுதல்.

இவற்றுள் மிகவும் தந்திரமானது ‘அட்’ என்னும் முன்னொட்டு. ‘நோக்கி’ என்று பொருள்படும் இது, அடுத்து வரும் மெய்யாகவே பெரும்பாலும் மாறிவிடுவதால், ‘அக்செப்ட்’, ‘அஃபர்ம்’, ‘அனவுன்ஸ்’, ‘அட்ராக்ட்’ போன்ற சொற்களில் அதே மெய் இரட்டித்து எழுதப்படுகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் நாம் அடிக்கடி தடுமாறும் இடம் இதுவே. ‘அக்காமடேஷன்’ என்பதில் இரண்டு ‘சி’, இரண்டு ‘எம்’ வருவது ஏன் என்று கேட்டால், ‘அட்’ ஒரு ‘சி’யையும் ‘காம்’ ஓர் ‘எம்’மையும் கொண்டுவந்தன என்பதே விடை. ‘இமிக்ரேஷன்’ என்பதில் இரண்டு ‘எம்’, ‘எமிக்ரேஷன்’ என்பதில் ஒன்று. முன்னது ‘இன்’ திரிந்தது, பின்னது ‘எக்ஸ்’ கெட்டது. இதைப் புரிந்துகொண்டவர் அந்தச் சொற்களின் எழுத்துக்கூட்டலைத் தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

சாரியைகூட உண்டு. புளியும் பழமும் சேரும்போது இடையில் ‘அம்’ வந்து புளியம்பழம் ஆவதுபோல, கிரேக்க உறுப்புகள் சேரும் இடத்தில் ‘ஓ’ எழுத்தும், இலத்தீன் உறுப்புகள் சேரும் இடத்தில் ‘ஐ’ எழுத்தும் பெரும்பாலும் வந்து நிற்கும். வெப்பமானியாகிய ‘தெர்மோமீட்டர்’ முன்னதற்கும், ஊனுண்ணியாகிய ‘கார்னிவோர்’, அனைத்துண்ணியாகிய ‘ஆம்னிவோர்’ பின்னதற்கும் எடுத்துக்காட்டு. சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று ஊகிக்க இது சிறு துப்பு. ‘பி’, ‘எச்’ இரண்டும் சேர்ந்து ‘எஃப்’ போல ஒலிப்பதும், சொல்லின் தொடக்கத்தில் ‘எஸ்’ முன்னால் ஊமையாக ஒரு ‘பி’ நிற்பதும் கிரேக்கத்தின் அடையாளங்கள்.

வேரும் திரியும். ‘வா’ என்னும் பகுதி வந்தான் என்பதில் ‘வ’ என்றும், வருகிறான் என்பதில் ‘வரு’ என்றும் நிற்பதை நாம் வேறு வேறு சொற்களாகக் கருதுவதில்லை. வருதலைக் குறிக்கும் இலத்தீன் வேரும் ‘வென்’, ‘வென்ட்’ என்று இரு வடிவில் வரும். ‘கன்வீன்’ என்பது கூடி வருதல். ‘இன்டர்வீன்’ என்பது இடையில் வருதல், அதாவது குறுக்கிடுதல். ‘ஈவென்ட்’ என்பது வெளிவந்த நிகழ்வு. ‘ப்ரிவென்ட்’ என்பது முந்தி வந்து நிற்றல், அதனால் தடுத்தல். எடுத்தலைக் குறிக்கும் வேர் ‘கேப்’, ‘கேப்ட்’, ‘செப்ட்’, ‘சிப்’, ‘சீவ்’ என்று ஐந்து உருவம் எடுக்கிறது. கடைசி உருவம் பிரெஞ்சு வழியாக வந்தது. செய்தலைக் குறிக்கும் ‘ஃபேக்ட்’, முன்னொட்டுச் சேர்ந்தால் ‘ஃபெக்ட்’, ‘ஃபிக்’ என்றாகும். ஆகவே குறிப்பேட்டில் ஒரு வேரை எழுதும்போது அதன் எல்லா உருவங்களையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். பல பட்டியல்களில் இவை தனித்தனி வேர்களாக எண்ணிடப்பட்டிருப்பது மாணவரைத் தேவையில்லாமல் மிரட்டுகிறது.

ஏற்கெனவே தெரிந்த வடசொற்கள்

சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் ஆற்றிய உரையில் கூறினார். தமிழ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆனால் வடசொற்கள் பல தமிழில் வழங்குவதால் அந்த உறவின் பலன் நமக்கும் கிடைக்கிறது. சப்த, அஷ்ட, நவ, தச என்பவற்றைச் செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகியவற்றோடு வைத்துப் பாருங்கள். உரோமானியரின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால் செப்டம்பர் அன்று ஏழாம் மாதம். தந்தமும் ‘டென்டிஸ்ட்’ என்பதிலுள்ள பல்லும், நாமமும் ‘நாமினேட்’ என்பதிலுள்ள பெயரும், பாதமும் ‘பெடல்’ என்பதிலுள்ள காலும், ஜனனமும் ‘ஜெனரேட்’ என்பதிலுள்ள பிறப்பும் உறவுடையவை. நீதிக்கு எதிர்மறை அநீதி. ஆதி இல்லாதது அநாதி. மெய்முன் ‘அ’, உயிர்முன் ‘அன்’ என்ற அதே முறையில் கிரேக்கமும் ‘எடிபிகல்’, ‘அனார்க்கி’ என்று எதிர்மறை அமைக்கிறது.

ஒலி ஒத்திருப்பதாலேயே உறவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கடவுளைக் குறிக்கும் இலத்தீன் ‘டேயுஸ்’ தேவனுக்கு உறவு. அதே பொருளுடைய கிரேக்கத் ‘தியோஸ்’ அந்த உறவில் சேராது. கேட்பதற்கு ஒன்றுபோல் ஒலிக்கும் எல்லாவற்றையும் ஒரே மரத்தில் கட்டும் ஆர்வம் நம்மிடையே சற்று அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குறிப்பேடும் அன்றாடப் பயிற்சியும்

ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே வேரும் அதன் உருவங்களும், அடுத்து ஒரே சொல்லில் தமிழ்ப்பொருளும் இருக்கட்டும். அதன்கீழ் உங்களுக்கு முன்பே தெரிந்த மூன்று சொற்களை எழுதிப் பிரித்துக் காட்டுங்கள். அதன் பிறகுதான் இரண்டு புதிய சொற்கள். பார்த்தலைக் குறிக்கும் ‘ஸ்பெக்ட்’ பக்கத்தில், ‘இன்ஸ்பெக்டர்’, ‘ரெஸ்பெக்ட்’, ‘சஸ்பெக்ட்’ தெரிந்தவை. புதியவையாக ‘இன்ட்ரோஸ்பெக்ஷன்’ என்பதையும் ‘சர்கம்ஸ்பெக்ட்’ என்பதையும் சேர்க்கலாம். முன்னது தன்னுள் பார்த்தல். பின்னது சுற்றும் முற்றும் பார்த்தல், ஆகவே எச்சரிக்கையுடைமை. நாம் ஒரு செயலில் இறங்குமுன் சுற்றுமுற்றும் பார்க்கிறோம் அல்லவா, அந்த நடத்தையையே உரோமானியர் பண்புப் பெயராக்கிவிட்டார்கள். ஒவ்வொரு புதிய சொல்லுக்கும் நாளிதழிலோ நூலிலோ உண்மையில் கண்ட ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். நீங்களே புனைந்த வாக்கியம் முதல் வாரத்தில் வேண்டாம், அது தவறாகவும் இருக்கக்கூடும்.

வாரத்துக்கு மூன்று வேர்கள் போதும். பத்து வேர்களைக் கற்றால் அவற்றின் உருவங்கள் ஒன்றோடொன்று கலந்து குழப்பும். ஒரு வேரை மறுநாளும், அந்த வார இறுதியிலும், அந்த மாத இறுதியிலும் பக்கத்தை மூடிவைத்துக்கொண்டு நினைவுகூர்ந்து எழுதிப் பார்ப்பது, திரும்பத் திரும்பப் படிப்பதைவிட மிகுந்த பயன் தரும். பிரித்தது சரிதானா என்று ஐயம் எழுந்தால் ஆங்கில விக்சனரியில் சொல்லின் பொருளுக்கு மேலே தரப்படும் பிறப்பு வரலாற்றைப் பாருங்கள். சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதும் வேண்டும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம், ‘ஃபொட்டாகிராஃபி’ என்பதில் இரண்டாம் அசைக்கும், ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்பதில் மூன்றாம் அசைக்கும் நகர்கிறது. எழுத்தில் மட்டும் தெரிந்த சொல் பேசும்போது நம்மைக் கைவிடும்.

பயிற்சிக்கு நல்ல இடம் ஏதேனும் ஒரு பெரிய மருத்துவமனையில் மின்தூக்கிக்கு அருகே தொங்கும் பலகை. ‘கார்டியாலஜி’ இதயம், ‘நெஃப்ராலஜி’ சிறுநீரகம், ‘நியூராலஜி’ நரம்பு, ‘ஹெமட்டாலஜி’ குருதி. ‘சைக்கியாட்ரி’, ‘ஜெரியாட்ரிக்ஸ்’ என்பவற்றில் வரும் ‘இயாட்ர்’ மருத்துவரைக் குறிக்கும். அந்தப் பலகையில் உள்ள ‘ஆர்த்தோபீடிக்ஸ்’ என்பதில் ‘ஆர்த்தோ’ நேர், ‘பீட்’ குழந்தை. எலும்பு எங்கும் இல்லை. குழந்தைகளின் உடற்கோணலை நேராக்கும் கலைக்கு நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1741இல் வைத்த பெயர், பின்னர் எல்லா வயதினரின் எலும்புக்கும் பொதுவாகிவிட்டது.

வேர் ஏமாற்றும் இடங்கள்

மேலே வந்த ‘பீட்’ என்பதையே முதல் எச்சரிக்கையாகக் கொள்ளலாம். ‘பெடஸ்ட்ரியன்’ என்பதில் உள்ள இலத்தீன் ‘பெட்’ கால். ‘பீடியாட்ரிக்ஸ்’, ‘பெடகாஜி’ ஆகியவற்றில் உள்ள கிரேக்க வேர் குழந்தை. ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ என்பதில் ‘ஹோமோ’ இலத்தீன், மனிதன் என்று பொருள். ‘ஹோமோஜீனியஸ்’ என்பதில் அது கிரேக்கம், ஒரே தன்மை என்று பொருள். எரிபொருள் லாரிகளின் பின்னால் எழுதியிருக்கும் ‘இன்ஃப்ளேமபிள்’ என்பதை எரியாதது என்று படித்தால் ஆபத்து. அந்த ‘இன்’ எதிர்மறை அன்று, ‘உள்ளே’ என்று பொருள்படும் வேறொரு முன்னொட்டு. ‘இன்வேல்யூவபிள்’ என்பதில் எதிர்மறைதான் உள்ளது, ஆயினும் மதிப்பற்றது என்று பொருளாகாது. நம் ‘விலைமதிப்பற்ற’ என்பதைப்போலவே மதிப்பிட முடியாத உயர்வு என்று கொள்ள வேண்டும். ‘ஹைப்பர்’ மிகுதி, ‘ஹைப்போ’ குறைவு. சர்க்கரை நோயாளர் இருக்கும் வீட்டில் இந்தச் சிறு வேறுபாட்டை அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

பொருள் நகர்ந்துபோன சொற்களும் பல. ‘நைஸ்’ என்பதன் மூலமான இலத்தீன் சொல்லுக்கு அறியாதவன் என்று பொருள். ‘கேண்டிடேட்’ என்றால் வெள்ளாடை அணிந்தவர்; உரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெளுத்த ஆடையில் வாக்குக் கேட்டார்கள். நம் வேட்பாளர்களுக்கு அது இன்றும் பொருந்துவது தற்செயல். ‘மேனுஃபேக்சர்’ கையால் செய்தல். இன்று இயந்திரம் செய்வதையே அப்படிச் சொல்கிறோம். ஆகவே வேர் தருவது ஊகம் மட்டுமே. வாக்கியத்தின் சூழலையும் அகராதியையும் கொண்டு அதைச் சரிபார்க்க வேண்டும். உயர்கல்விக்கான ஜி.ஆர்.ஈ. தேர்விலிருந்து எதிர்ச்சொல் வினாக்கள் 2011 ஆகஸ்டில் நீக்கப்பட்டு, வாக்கியத்துக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு முதன்மை தரப்பட்டபின், வேரை மட்டும் நம்பித் தேர்வெழுதுபவர் தடுமாறவே செய்வார்.

கற்ற சொல்லைப் பயன்படுத்துவதில் இன்னொரு கவனமும் வேண்டும். கேட்டலுக்கு ஆங்கிலத்தில் ‘ஆஸ்க்’, ‘க்வெஸ்டியன்’, ‘இன்டராகேட்’ என்று மூன்று சொற்கள் உள்ளன. முதலாவது பழைய ஆங்கிலம், இரண்டாவது பிரெஞ்சு வழி வந்தது, மூன்றாவது நேரடி இலத்தீன். நாம் நண்பரிடம் மணி கேட்போம். அவரை மணி குறித்து விசாரணை செய்ய மாட்டோம். ஆனால் வேர் தெரிந்த புதிதில், எளிய ‘பிகின்’ போதுமான இடத்தில் ‘கமென்ஸ்’ என்று எழுதத் தோன்றும். குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லின் அருகிலும் பேச்சு, கட்டுரை, சட்டம், மருத்துவம் என்று அது வழங்கும் இடத்தை ஒரு சொல்லில் குறித்துவையுங்கள். மின்னஞ்சல் எழுதி அனுப்புமுன், அதில் ‘சட்டம்’ என்று குறித்த சொல் ஏதும் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.